குண்டூசியை வாங்கியவர் யார்?

பொருளாதாரம் படித்த எவராலும் மறக்க முடியாத பொருள் குண்டூசி. 1776-ஆம் ஆண்டு வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே ஆடம் ஸ்மித் அதை நம் கண்முன் நிறுத்துகிறார். கம்பியை இழுப்பவர் ஒருவர், நிமிர்த்துபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், கூராக்குபவர் ஒருவர் என்று ஏறத்தாழ 18 வேலைகளாகப் பிரித்துக்கொண்டால், பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் 48,000 குண்டூசிகளுக்கு மேல் செய்துவிடலாம். தனித்தனியே முயன்றால் ஒருவரால் நாளொன்றுக்கு இருபதுகூடச் செய்ய முடியாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவன் நான்.

ஒருமுறை முதலாண்டு வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, ஒரு நாளைக்கு 48,000 ஊசிகளை யார் வாங்கினார்கள்? எதற்காக வாங்கினார்கள்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "இது உற்பத்தி பற்றிய பாடம். தேவை பற்றிய பாடம் வரும்போது பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மேலே நடத்தினேன். பிறகு பார்க்கவேயில்லை. அதே ஆண்டில் வேறொரு வகுப்பில், பெண்களின் நகை 'முடங்கிக் கிடக்கும் மூலதனம்' என்றும் கற்பித்தேன். இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்பது ஓய்வு பெற்ற பின்னரே எனக்கு விளங்கியது.

ஸ்மித் காலத்துக் குண்டூசியின் முதன்மையான வாடிக்கையாளர்கள் பெண்கள். அன்றைய ஐரோப்பியப் பெண்ணின் உடையில் பல பகுதிகள் ஊசிகளால்தான் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. மனைவியின் தனிச்செலவுக்கெனக் கணவன் ஒதுக்கும் தொகையை ஆங்கிலேயர் 'ஊசிப் பணம்' என்றே அழைத்தனர். மாணவிக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையின் ஒரு பாதி இது. மறு பாதி இன்னும் பழையது. அதைத் தேடிச் சென்றபோது நான் போய்ச் சேர்ந்த இடம் பண்டைய யூதர்களின் வாழ்வு. அங்கேதான் மண்ணுக்குள்ளிருந்து ஊசிகள் கிடைக்கின்றன. சட்ட நூல்கள் அந்த ஊசிகளைப் பற்றி வாதிடுகின்றன. பெண்களின் சொத்தைக் குறித்த பத்திரங்களும் அழியாமல் எஞ்சியுள்ளன. மண்ணும் நூலும் பத்திரமும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவது வரலாற்றில் அரிது.

முதலில் மண். இஸ்ரவேலர் என்ற மக்கள் அந்த நிலத்தில் அறியப்படுவதற்கு முன்பே, ஏறத்தாழ கி.மு. 2000 முதல் 1550 வரையிலான வெண்கலக் காலத்தில், கானான் நாட்டில் ஒருவகை உடையூசி பரவலாக வழங்கியது. விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரை இருக்கும் அதன் நடுத்தண்டில் ஒரு துளை உண்டு. அத்துளையில் கட்டிய நூலை, துணியின் இரு மடிப்புகளிலும் ஊசியைச் செருகிய பின் அதன் இரு முனைகளிலும் சுற்றிவிட்டால் ஊசி நழுவாது. எரிகோ, மெகிதோ போன்ற இடங்களின் கல்லறைகளில் இவ்வூசிகள் கிடைத்துள்ளன. 1952 முதல் 1958 வரை எரிகோவில் அகழாய்வு நடத்திய காத்லீன் கென்யான் அங்குள்ள கல்லறைகளை நுணுக்கமாகப் பதிவு செய்தார். இத்தகைய கல்லறைகளில் துணி மட்கிவிட்டாலும், எலும்புக்கூட்டின் தோளருகிலோ மார்பருகிலோ ஊசி கிடக்கும். உடை எங்கே முடிச்சிடப்பட்டிருந்தது என்பதை நான்காயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அது காட்டி நிற்கிறது.

அந்த ஊசியின் விலையை இன்றைய கடை விலையோடு ஒப்பிடக் கூடாது. செம்பு தெற்கே அரபா பள்ளத்தாக்கின் திம்னா, ஃபைனான் சுரங்கங்களில் கிடைத்தது. ஆனால் செம்பை வெண்கலமாக்கத் தேவையான வெள்ளீயம் உள்நாட்டில் இல்லை; நெடுந்தொலைவிலிருந்து வணிகர் கைமாறி வர வேண்டும். தொலைதூர வணிகத்தின் ஒரு துண்டுதான் ஒரு பெண்ணின் தோளில் குத்தியிருந்தது. பெரும்பாலான ஊசிகள் வெண்கலத்தால் ஆனவை. வெள்ளியிலும் பொன்னிலும் செய்தவையும் உண்டு. தலைப்பகுதியில் குமிழோ, தண்டில் முறுக்கோ, வரிக்கோடுகளோ இருக்கும். துணியைப் பிடிக்க இந்த அலங்காரம் எதுவும் தேவையில்லை. தேவைக்கு மேல் ஒரு கோடு கீறிய அந்தக் கணத்திலேயே கருவி அணியாகிவிட்டது.

கி.மு. முதல் ஆயிரமாண்டில், இஸ்ரவேல், யூதா அரசுகளின் காலத்தில், நேரான ஊசியின் இடத்தை வளைந்த ஊசி பிடித்தது. தொல்லியலாளர் இதனை 'ஃபிபுலா' என்பர். மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றி கிழக்கே பரவிய இது, உண்மையில் நம் வீட்டு ஊக்குதான். வில் போன்ற உடல், ஒரு முனையில் சுருள் விசை, மறுமுனையில் ஊசி நுனியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. அண்மைக் கிழக்கின் ஃபிபுலாக்களில் சில அந்தக் கொக்கியை ஒரு சிறு மனிதக் கை வடிவில் செய்திருக்கின்றன; ஊசியை ஒரு கை பற்றியிருப்பது போன்ற தோற்றம். 1849-இல் அமெரிக்கரான வால்டர் ஹண்ட் ஊக்குக்குக் காப்புரிமை பெற்று, ஒரு சிறு கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது எங்கள் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கதை. அவர் கண்டுபிடித்ததன் அடிப்படை ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே லாகீசிலும் மெகிதோவிலும் மக்களின் மேலாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஊசி தேவைப்பட்டதற்குக் காரணம் அக்காலத்து உடை. தறியிலிருந்து இறக்கிய துணியை வெட்டாமல், உடம்பில் சுற்றியும் போர்த்தியும் உடுத்தினர். கி.மு. 701-இல் லாகீசு நகரை வீழ்த்திய அசீரிய மன்னன் சனகெரிப், அந்த வெற்றியை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அச்சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நகரைவிட்டு வெளியேற்றப்படும் யூதப் பெண்கள் தலையிலிருந்து கணுக்கால்வரை நீண்ட போர்வை அணிந்து நடக்கிறார்கள். அணிகலன் எதுவும் அவர்கள்மேல் தெரியவில்லை. நாடு கடத்தப்படுபவர்களிடம் நகை மிஞ்சியிருக்காது என்பதைச் சிற்பி அறிந்திருந்தான் போலும். பிற்காலத்தில், ரோமர் ஆட்சியில், இரு துண்டுகளை இணைத்துத் தைத்த அங்கி பொது உடையானபோது தோளில் ஊசியின் தேவை குறைந்தது. கூந்தலில் அதன் தேவை தொடர்ந்தது. அக்காலக் குடியிருப்புகளில் எலும்பில் செதுக்கிய கொண்டை ஊசிகள் ஏராளம். உலோகத்தில் செய்தவை அவற்றைவிடக் குறைவு. கூந்தல் மட்கிப்போக ஊசிகள் மட்டும் எஞ்சுவதே வழக்கம். 1963 முதல் 1965 வரை மசாதா மலைக்கோட்டையில் அகழ்ந்தபோது மட்டும், பாலைவன வறட்சியின் தயவால், ஒரு பெண்ணின் பின்னிய கூந்தலே அழியாமல் கிடைத்தது.

இங்கே என் துறை சார்ந்த செய்தி ஒன்று உண்டு. நாணயம் அந்த நாட்டுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. யூதேயாவின் பெயர் பொறித்த சிறு வெள்ளிக் காசுகள் கி.மு. நான்காம் நூற்றாண்டில், பாரசீக ஆட்சியில்தான் அடிக்கப்பட்டன. அதற்கு முன் 'சேக்கல்' என்பது காசின் பெயர் அன்று. ஏறத்தாழ 11 கிராம் நிறையின் பெயர். ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம் செய்ய நிலம் வாங்கியபோது 400 சேக்கல் வெள்ளியை எண்ணிக் கொடுக்கவில்லை, நிறுத்துக் கொடுத்தார் என்கிறது ஆதியாகமம். ரெபேக்காளுக்கு அளிக்கப்பட்ட மூக்கணியின் எடை அரை சேக்கல், இரு வளையல்களின் எடை பத்து சேக்கல் என்று அதே நூல் குறிக்கிறது. மணப்பெண்ணின் அணியைச் சொல்லும்போதே எடையையும் சொல்வதன் பொருள் தெளிவு: அணிகலனும் பணமும் அன்று ஒரே பொருளின் இரு நிலைகள். 1968-இல் எப்ரோனுக்குத் தெற்கே எஸ்தெமோவாவில் ஐந்து மண்ஜாடிகளில் இருபது கிலோவுக்கும் அதிகமான வெள்ளி கிடைத்தது. அதில் நகைகளும், நகைத் துண்டுகளும், உருக்கிய கட்டிகளும் கலந்திருந்தன. தேவைப்பட்டால் வெட்டி நிறுத்துக் கொடுப்பது, தேவையில்லாதபோது அணிந்துகொள்வது. இதை 'முடங்கிய மூலதனம்' என்று சொல்ல எந்த வணிகரும் அன்று துணிந்திருக்க மாட்டார்.

பொதுக் காரியத்துக்கும் இச்செல்வமே முதல் நிதி. பாலைவனத்தில் வழிபாட்டுக் கூடாரம் அமைக்க ஆண்களும் பெண்களும் தங்கள் பொன்னணிகளைக் கொண்டுவந்தனர் என்று யாத்திராகமம் பட்டியலிடுகிறது. கூடாரத்தின் வெண்கலத் தொட்டி பெண்களின் கண்ணாடிகளால் வார்க்கப்பட்டது என்பதும் அதே நூலின் செய்தி. அக்காலக் கண்ணாடி என்பது மெருகேற்றிய வெண்கலத் தகடு. பொற்கன்றுக்குட்டியும் காதணிகளை உருக்கித்தான் வார்க்கப்பட்டது என்பதையும் நூல் மறைக்கவில்லை. ஒரே மூலதனம் இருவகை முதலீட்டுக்கும் போனது. அந்தப் பட்டியலின் முதற்சொல் 'ஹாஹ்'. அதை மொழிபெயர்ப்பாளர் சிலர் உடையூசி என்றும், சிலர் வளையம் என்றும் கொள்கின்றனர். சிறைப்பட்டவனின் மூக்கிலோ விலங்கின் தாடையிலோ மாட்டி இழுக்கும் கொக்கிக்கும் எபிரேய மொழியில் அதே சொல்தான். பிடித்துக்கொள்ளும் பொருள் அணியாகவும் இருக்கலாம், தளையாகவும் இருக்கலாம் என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்துகிறது.

அடுத்து நூல். கி.பி. 200-ஆம் ஆண்டையொட்டி, கலிலேயாவில் யூதா ஹநாசி என்னும் பேரறிஞரின் தலைமையில் தொகுக்கப்பட்ட சட்டத் திரட்டு 'மிஷ்னா'. வாரத்தின் ஏழாம் நாளாகிய ஓய்வுநாளில் செய்யக்கூடாத 39 வகை வேலைகளை அது பட்டியலிடுகிறது. அவற்றுள் இறுதியானது, ஒரு பொருளைத் தனி இடத்திலிருந்து பொது இடத்துக்கு எடுத்துச் செல்வது. உடனே ஒரு சிக்கல் எழுகிறது. உடுத்தியிருக்கும் உடை சுமை ஆகாது; கையில் பிடித்த மூட்டை சுமையே. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊசி எதில் சேரும்? இதற்கென்றே ஓய்வுநாள் பற்றிய பகுதியின் ஆறாம் அத்தியாயம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு பெண் எவற்றை அணிந்து வெளியே செல்லலாம், எவற்றை அணிந்து செல்லக்கூடாது என்பதே அதன் பொருள்.

அதில் ஊசி இருமுறை வருகிறது. துளையில்லாத ஊசியுடன் ஒரு பெண் வெளியே செல்லக் கூடாது. ஆனால் சென்றுவிட்டால் அவள் பாவநிவாரணப் பலி செலுத்த வேண்டியதில்லை. துளையுள்ள ஊசியுடன் சென்றாலோ பலி செலுத்தக் கடமைப்பட்டவள். வேறுபாடு அந்தச் சிறு துளையில் இருக்கிறது. துளையிருந்தால் அது தையல் ஊசி, அதாவது தொழிற்கருவி; உடம்பில் குத்தியிருந்தாலும் சுமைதான். துளையில்லாவிட்டால் அது அணி. அணிக்குத் தண்டனை இல்லை. பிறகு ஏன் தடை? தோழியிடம் காட்டுவதற்காகக் கழற்றிக் கையில் பிடித்தபடி தெருவில் நாலு முழம் நடந்துவிடுவாளோ என்ற அச்சம் என்கின்றனர் உரையாசிரியர்கள். புதிய நகையைத் தோழியிடம் காட்டாமல் இருக்க முடியாது என்ற மனித இயல்பை அந்த அறிஞர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர்.

துளையில்லாத ஊசியால் பயன்தான் என்ன என்று பாபிலோனியத் தால்முத் மேலும் ஆராய்கிறது. கலைந்த கூந்தலைச் சேர்த்துச் செருக உதவும் என்றார் ஒருவர். அது உண்மையானால் அதைக் கழற்றிக் காட்டமாட்டாளே, பிறகு ஏன் தடை என்றார் இன்னொருவர். வகிடு எடுக்கப் பயன்படும் என்றார் மற்றொருவர். ஓய்வுநாளில் வகிடு எடுப்பதில்லையே, அன்று அதற்கு என்ன வேலை என்று வினா தொடர்ந்தது. இறுதியில் ராவா என்னும் அறிஞர் விளக்கம் தந்தார்: அந்த ஊசியின் ஒரு முனையில் பொன் தகடு இருக்கும், வாரநாளில் அதைக்கொண்டு வகிடு எடுப்பாள், ஓய்வுநாளில் அந்தத் தகடு நெற்றியில் விளங்குமாறு அணிவாள்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என் பாடக்குறிப்புகளை நினைத்துக்கொண்டேன். உற்பத்திப் பண்டம், நுகர்வுப் பண்டம் என்று இரு கட்டங்கள் வரைந்து பொருள்களை அவற்றில் அடைப்பது எங்கள் வழக்கம். ஆறு நாள் கருவியாகவும் ஒரு நாள் அணியாகவும் இருக்கும் ஊசி எந்தக் கட்டத்தில் அடங்கும்? பொருளைப் பார்த்து வகைப்படுத்த முடியாது. அதை வைத்திருப்பவரின் வாழ்க்கையைப் பார்த்தே வகைப்படுத்த வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ராவாவும் அவருடைய தோழர்களும் ஒரு பெண்ணின் தலைவாரும் நேரத்தை உற்றுக் கவனித்திருக்க வேண்டும். என் மாணவி என்னிடம் கேட்டது அதைத்தான்.

அதே அத்தியாயத்தில் வர்க்கமும் பேசப்படுகிறது. 'பொன் நகர்' என்றொரு தலையணி இருந்தது. நகரின் மதில்போல் அமைந்த பொன் முடி அது. வறுமைக் காலத்தில் தனக்குத் துணைநின்ற மனைவிக்கு ரபி அகிவா இதைச் செய்து கொடுத்ததாகத் தால்முத் கூறுகிறது. ஓய்வுநாளில் இதை அணியலாம் என்றார் ரபி எலியேசர். அவர் தரப்பு வாதம் சுவையானது: பொன் நகரை அணிபவள் பெருமகள், பெருமகள் தன் நகையைக் கழற்றித் தெருவில் பிறருக்குக் காட்ட மாட்டாள். பிறர் காண்பதற்காகவே செல்வர் செலவிடுகின்றனர் என்று தார்ஸ்டீன் வெப்லன் 1899-இல் எழுதினார். எலியேசரின் கூற்று அதன் மறுபக்கம். காட்ட வேண்டிய தேவையே இல்லாதவர்தான் உண்மையான செல்வர் என்பது அதன் உட்பொருள்.

ஊசியே இல்லாத பெண் என்ன செய்வாள்? மிஷ்னா அவளையும் மறக்கவில்லை. மேலாடையின் ஒரு முனைக்குள் ஒரு கல்லையோ கொட்டையையோ காசையோ வைத்துச் சுருட்டி, மறு முனையிலுள்ள கண்ணியால் அதைச் சுற்றி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஓய்வுநாளில் புதிதாக அதைத் தொடங்கக் கூடாது என்கிறது. கல், கொட்டை, காசு ஆகிய மூன்றும் வெண்கல ஊசியின் மாற்றுப் பண்டங்கள். ஊசி வாங்கக் காசில்லாதவளுக்கு இருக்கும் ஒற்றைக் காசே ஊசியாகிறது. செலவிட்டுவிட்டால் ஆடை நழுவும், செலவிடாவிட்டால் அடுப்பெரியாது. பணத்தின் பணிகள் என்று நான் எழுதிப்போட்ட பட்டியலில் இந்தப் பணி இடம்பெற்றதில்லை.

பெண்ணின் கொண்டை ஊசியைப் பற்றி இவ்வளவு பேசிய அறிஞர்கள் ஆணை விட்டுவிடவில்லை. வாள், வில், கேடயம் ஏந்தி ஓர் ஆண் ஓய்வுநாளில் வெளியே செல்லலாமா? அவை அவனுக்கு அணிகலன் என்றார் ரபி எலியேசர். மற்ற அறிஞர்கள் ஏற்கவில்லை. அவை அணியல்ல, இழிவு என்றனர். வாள்கள் கொழுவாகும் காலத்தைப் பற்றி ஏசாயா முன்னுரைத்ததை அவர்கள் சான்று காட்டினர். ரோமானியருக்கு எதிரான போர்களில் எருசலேமையும் எண்ணற்ற உயிர்களையும் இழந்த ஒரு மக்களின் தீர்ப்பு அது. பெண்ணின் பொன்னூசியை அணி என்று ஏற்ற அதே அத்தியாயம், ஆணின் வாளுக்கு அந்தத் தகுதியை மறுத்தது.

மூன்றாவதாகப் பத்திரம். 1960, 1961-ஆம் ஆண்டுகளில் சாக்கடலின் மேற்கே நகல் ஹெவர் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு குகையை இகால் யாதின் தலைமையிலான குழு ஆராய்ந்தது. கி.பி. 132-இல் தொடங்கிய பார் கோக்பா கிளர்ச்சியின் முடிவில் ரோமப் படைக்கு அஞ்சி மக்கள் ஒளிந்த இடம் அது. அங்கே வீட்டுச் சாவிகள், ஒரு கண்ணாடி, ஆடைகள் ஆகியவற்றோடு பாபதா என்ற பெண்ணின் தோல்பையும் கிடைத்தது. அதனுள் முப்பதுக்கும் மேற்பட்ட பத்திரங்கள் இருந்தன. சாவியைக் கொண்டு வந்தவர்கள் வீடு திரும்பும் நம்பிக்கையோடுதான் வந்திருப்பார்கள். பத்திரங்களை எடுத்துச் செல்ல யாரும் திரும்பவில்லை.

அவற்றுள் ஒன்று பாபதாவின் கணவருடைய மகள் செலாம்சியோனின் திருமண ஒப்பந்தம், கி.பி. 128-இல் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. மணமகள் வெள்ளியிலும் பொன்னிலுமான பெண்டிர் அணிகளையும் ஆடைகளையும் கொண்டு வருகிறாள். இருதரப்பும் ஒப்புக்கொண்டபடி அவற்றின் மதிப்பு 200 வெள்ளித் தெனாரி. மணமகன் தன் பங்காக 300 தெனாரி சேர்க்கிறான். மொத்தம் 500 தெனாரி அவளுக்குரிய கடனாக அவன்மேல் நிற்கிறது. அவனிடம் இப்போது உள்ள உடைமைகளும் இனி அவன் ஈட்டப்போகும் உடைமைகளும் அதற்குப் பிணை. அவளுடைய அணிகளில் ஒவ்வொன்றையும் பத்திரம் பெயர்சொல்லி எண்ணவில்லை. அவற்றுக்கு விலை மதிப்பிட்டதுதான் முக்கியம். அன்றைய பெண்ணுக்கு நிலம் எளிதில் கைவராது. தந்தையின் சொத்தில் மகனுக்கே முன்னுரிமை. அணிகலன்தான் அவள் புகுந்த வீட்டுக்குத் தன்னுடன் எடுத்துச் செல்லக்கூடிய, எழுத்தில் பதிவாகக்கூடிய, கணவனைக் கடனாளியாக்கக்கூடிய செல்வம்.

மிஷ்னாவின் திருமணச் சட்டங்களும் இதே நோக்கில் கணக்கிடுகின்றன. கணவன் ஆண்டுக்கு 50 சூஸ் மதிப்புள்ள ஆடைகளை அவளுக்குத் தர வேண்டும். வாரந்தோறும் அவள் தனிச்செலவுக்கு ஒரு வெள்ளி மாஆ, அதாவது தினாரில் ஆறிலொரு பங்கு, கொடுக்க வேண்டும். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயர் வைத்த 'ஊசிப் பணம்' என்ற பெயரை இதற்கும் வைக்கலாம். அவள் கைவேலையின் பயன் கணவனுக்கு உரியது. ஆனால் அந்த வெள்ளிக் காசை அவன் தராவிட்டால் கைவேலையின் பயன் அவளுக்கே உரியதாகும். அவள் நூற்க வேண்டிய நூலின் எடைகூட வரையறுக்கப்பட்டுள்ளது. பாலூட்டும் காலத்தில் அந்த அளவைக் குறைத்து, உணவை மிகுதியாகத் தர வேண்டும். இவை எளியோருக்குரிய குறைந்த அளவு. வசதியுள்ளவர் தம் நிலைக்கேற்பச் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் பொற்காலமென்று புகழ்வது என் நோக்கம் அன்று. ஊசியைப் பற்றி வாதிட்டவர்கள் அனைவரும் ஆண்கள். எந்த ஊசியோடு வாயிலைத் தாண்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஊசியை அணிந்தவளிடம் இல்லை. அவள் உழைப்பு சட்டப்படி இன்னொருவருக்குச் சொந்தம். ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. அந்தச் சட்ட அறிஞர்கள் பெண்ணின் ஊசியை அற்பமென்று ஒதுக்கவில்லை. அதன் துளையை, அதன் முனையை, அது வாரநாளில் செய்யும் வேலையை, ஓய்வுநாளில் அடையும் தகுதியை எல்லாம் கேட்டு, எழுதி வைத்தனர். அந்த அளவு கவனத்தைக்கூட நான் என் வகுப்பறையில் செலுத்தவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு கூச்சம் உண்டு. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு மழை பொய்த்த ஆண்டு. கட்டணம் கட்ட என் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அம்மாவின் சங்கிலியில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்குகள் தொங்கும். எங்கள் சட்டைப் பொத்தான் அறுந்தால், செருப்பு வார் பிய்ந்தால், காலில் முள் தைத்தால் உடனே ஓர் ஊக்கு வரும். சங்கிலி போன பிறகு அந்த ஊக்குகள் மஞ்சள் கயிற்றில் தொங்கின. அவ்வாறு படித்துப் பட்டம் பெற்றவன்தான், பெண்களின் நகை முடங்கிக் கிடக்கும் மூலதனம் என்று மேடைமேல் நின்று பாடம் நடத்தினேன். என் படிப்பே அந்த மூலதனத்தின் விளைச்சல் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்றும் வீட்டுப் பெண்களின் பொன்னைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அதை வங்கிக்கும் சந்தைக்கும் இழுத்து வருவது எப்படி என்பதே வல்லுநர்களின் கவலையாக இருக்கிறது. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. பொன் இறக்குமதிக்கு நாடு அந்நியச் செலாவணியைச் செலவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அவள் ஏன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். நிலமும் வீடும் வங்கிக் கணக்கும் அவள் பெயரில் இருக்கும் நாளில் அவளே பிடியைத் தளர்த்துவாள். அதுவரை அவளுடைய ஆடையைப் பிடித்திருக்கும் ஊசியும் அவளுடைய வாழ்வைப் பிடித்திருக்கும் நகையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அன்று கேள்வி கேட்ட மாணவிக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். இக்கட்டுரை அவர் கண்ணில் பட்டால், தாமதமான இந்த விடையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். அந்த ஊசிகளைப் பெண்கள் வாங்கினார்கள், அம்மா. உடை நழுவாமலிருக்கவும், கூந்தல் அவிழாமலிருக்கவும், கையில் ஏதாவது தங்களுக்கென்று இருக்கவும் வாங்கினார்கள். உன் கேள்வி பாடத்துக்கு வெளியே இருந்ததாக நான் நினைத்தேன். பாடமே அதுதான்.